பட்டி வானில் ஒரு பரம்பரை

ஜப்பான் சட்டப்படி எங்கள் வானில் நாலு பேர்தான் ஏறலாம். கெய் ரக வாகனங்களுக்கு அங்கே கணக்கு அப்படி: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி, ஆட்கள் நாலு. நாங்கள் பட்டி வான் என்று செல்லமாகச் சொல்லும் சுசுகி எவ்ரி இந்தக் கணக்குக்குள் பிறந்ததுதான். கப்பலேறி இலங்கையில் இறங்கியதும் கணக்கை மறந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பாசிக்குடாவில் போய் நில்லுங்கள். ஒரு பட்டி வான் வந்து நிற்கும். ஆட்கள் இறங்குவார்கள், இறங்குவார்கள், முடிந்தது என்று நீங்கள் திரும்பும்போது ஒரு கிழவி சருவச்சட்டியோடு இறங்குவா.

2019இல் வாங்கியபோது நாங்கள் ஜப்பான் சட்டத்துக்கு அடங்கிய குடும்பம். நான், மனைவி, மூத்தவள், மாமி. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பிள்ளை இறக்குமதியை நிறுத்தி வர்த்தமானி எதுவும் வரவில்லை. அடுத்த வருடம் இரட்டையர்கள் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே அம்மாவும் எங்களோடு இருக்க வந்தா. பெரிய வானுக்கு மாறலாமென்றால், புதிது வராத நாட்டில் பழைய டொல்பின் வானுக்குச் சொன்ன விலைக்குக் காணியே வாங்கலாம் போலிருந்தது. 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் கோடு வந்த காலத்தில் வான் முற்றத்தை விட்டு அசையவில்லை. இரட்டையர்கள் அதற்குள் ஏறி இறங்கித்தான் நடை பழகினார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்தார்கள். வரியோடு விலை கேட்டேன். வீட்டுக்கு வந்து பட்டி வானைக் கழுவித் துடைத்துப் பிள்ளையாருக்குப் புது மாலை போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கனடா மச்சான் லீவில் வந்தார். அங்கே காம்பர் வானில் போய்க் காட்டோரத்தில் படுத்தெழும்புவார்களாம். "இதையும் காம்பராக்குவம் மச்சான், ஹோட்டல் காசு மிச்சம்" என்றார். சண்டை முடிந்தபின் பாசிக்குடாவில் வரிசையாக எழும்பிய ஹோட்டல்களில் ஓரறையின் வாடகையைக் கேட்டவர் எவருக்கும் இந்த யோசனை இனிக்கும். எனக்கும் இனித்தது. இராத்திரி முழுக்க அதைப் பற்றியே வாசித்தேன். ஒல்லாந்தர் என்றால் மட்டக்களப்பாருக்கு 1638இல் அவர்கள் பிடித்த கோட்டைதான் நினைவு வரும். ஆனால் 1947இல் பென் பொன் என்ற இன்னொரு ஒல்லாந்தர் தன் குறிப்புப் புத்தகத்தில் பாண் துண்டு மாதிரி ஒரு வண்டியைக் கீறினார். அதைத்தான் 1950இல் வோக்ஸ்வாகன் செய்யத் தொடங்கியது. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பனி அதற்குள் படுக்கை, அலுமாரி எல்லாம் வைத்து வீடாக்கியது. படங்களில் அந்த வானின் பக்கத்தில் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு நாய். மாமி இருக்கிற படம் ஒன்றையும் நான் காணவில்லை.

ஓடாவியைக் கூப்பிட்டுப் பின் சீட்டை மடித்தால் அதன்மேல் பொருந்துகிற பலகை செய்வித்தேன். மெத்தை போட்டோம், சன்னலுக்கு நுளம்பு வலை கட்டினோம். படுக்கை நல்ல படுக்கைதான். ஆறடி நீளம், நாலடி அகலம். மல்லாந்து படுத்தால் இரண்டு பேர், ஒருக்களித்தால் மூன்று, யாரும் மூச்சு விடாவிட்டால் நாலு.

இருக்கை ஒழுங்கு அதைவிடச் சிக்கல். எவ்ரியின் எஞ்சின் முன் சீட்டுகளுக்குக் கீழே இருக்கிறது. செங்கலடி தாண்டும்போதே சீட் சுடத் தொடங்கும். மாமிக்கு மூட்டுவாதம், அந்தச் சூடு ஒத்தடம் மாதிரி இருக்கிறதென்று முன் சீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டா. ஒயில் பார்ப்பதென்றால் அந்தச் சீட்டைத்தான் கிளப்ப வேண்டும். சீட்டைக் கிளப்ப மாமியைக் கிளப்ப வேண்டும். மாமியைக் கிளப்ப அவ மடியில் இருக்கிற சோற்றுப் பார்சல், வெற்றிலைப் பை, இரட்டையரில் ஒருவன் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். "ஒயில் நேற்றும் பாத்தீங்கதானே மகன்?" என்று கேட்பா. அந்தக் கேள்விக்குப் பயந்து ஒயில் பார்க்காமல் ஓடிய தூரத்தை மெக்கானிக்கிடம் சொல்லவில்லை.

இவ்வளவும் வீட்டிலிருந்து புறப்படும்போதுள்ள நிலைமை. ஒரு குடும்பம் பிள்ளைப்பேற்றால் மட்டும் பெருகுவதாக ஐரோப்பாவில் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் அது றோட்டிலும் பெருகும். கல்லடிப் பாலம் கடந்ததும் மூத்த மச்சாள் வீட்டில் பாய் எடுக்க நிறுத்தினோம். பாயோடு அவவின் மகளும் ஏறினாள். செங்கலடியில் சித்தி வீட்டுக்குப் போகாமல் போனால் அடுத்த திவசம் வரை கதை இருக்கும் என்று ஐந்து நிமிடம் இறங்கினோம். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது, கடைசியில் குளித்துத் தலைவாரி முடித்த ஒரு பொடியன் வந்தான். "இவனும் கடல் பாக்கணும் எண்டு ஒரே அழுகை. ஒரு மூலைக்க இருப்பான் மனே" என்றா சித்தி. அந்த வானில் மூலை இல்லை. மூலையில் ரெஜிபோம் பெட்டியும் தண்ணிக் கானும் இருந்தன. பொடியன் பெட்டிக்கு மேல் இருந்தான். சித்தாண்டியில் கும்பிட இறங்கியபோது மட்டும் ஆள் கூடவில்லை, முருகன் கருணை.

பாசிக்குடாக் கடலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர், அலையென்று பெயருக்கு ஒரு சுருக்கம். எங்கள் வண்டியிலிருந்து இறங்கியவர்களுக்கு ஏற்ற கடல். எல்லாருக்கும் கால் நீட்ட இடம் இருக்கிறது.

பொழுது பட்டது. மச்சான் பலகையை விரித்து, வலையை இறக்கி, டோர்ச்சைக் கொளுத்தித் தொங்கவிட்டார். அப்போதுதான் மனைவியின் போன் அடித்தது. வாழைச்சேனைப் பெரியம்மா. கடற்கரையில் எங்களைக் கண்ட யாரோ சொல்லியிருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் ஓட்டோவில் வந்து இறங்கினா. வானுக்குள் எட்டிப் பார்த்தா. மெத்தையைத் தட்டிப் பார்த்தா. "வாழைச்சேனையில எங்கட வீடு கல்லு மாதிரி கிடக்க, நாதியில்லாத ஆக்கள் மாதிரி றோட்டில படுக்கிறீங்களா புள்ள? நான் செத்துப் போயிட்டனா?" காம்பர் வானின் அருமை பெருமைகளை மச்சான் அரைத் தமிழில் எடுத்துச் சொன்னார். பெரியம்மா கேட்டு முடித்து, "தம்பிக்குக் கனடாவில சொந்தக்காரர் இல்லையோ?" என்றா.

அத்தோடு அந்தத் துறையே முடிந்தது. பத்து மைலுக்கு ஒரு பெரியம்மா இருக்கிற மாவட்டத்தில் சக்கரம் பூட்டிய வீடு எவனுக்கு வேண்டும்? அன்றிரவு பெரியம்மா வீட்டில் இடியப்பமும் இறால் சொதியும் தின்று, விறாந்தையில் வரிசையாகப் பன்பாயில் படுத்தோம். காலையில் மெத்தை இருந்த இடத்தில் பெரியம்மா தந்த கருவாட்டுப் பார்சலும் எருமைத் தயிர்ச்சட்டிகளும் ஏறின. நாங்கள் சட்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்து வந்தோம்.

இப்போது புது ஏற்பாடு. அம்மாவையும் மாமியையும் மட்டக்களப்பில் ரயில் ஏற்றிவிட்டால் கல்குடா ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள். போன மாதம் ஒத்திகை பார்த்தோம். மாமி சன்னலோரம் காலை நீட்டி, ஒத்தடம் இல்லாமலே சந்தோஷமாக வந்து சேர்ந்தா. எனக்கு நிம்மதியாக ஒயில் பார்க்க முடிந்தது. அடுத்த பயணத்துக்கு நாள் குறித்த அன்று பின்னேரமே செங்கலடிச் சித்தி போன் எடுத்தா.

"வானில ரெண்டு இடம் சும்மா கிடக்காமே மனே?"