ஆளுக்கொரு வீடு

பதுளைப் பக்கத் தோட்டமொன்றில், காய்ந்த நுரை போலத் தேயிலைக் கொப்பில் ஒட்டியிருந்த கும்பிடுபூச்சிக் கூட்டை அக்கா மகன் போத்தலில் போட்டு லயத்துக்குக் கொண்டுவந்தான். ஒரு விடியலில் எறும்பளவுக் குஞ்சுகள், நூற்றுக்கும் மேலே, நூல் பிடித்துத் தொங்கின.

ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். தனித்தனிப் போத்தல் வேண்டும். தலைகீழாகத் தொங்கித்தான் தோலுரிக்கும்; ஆகவே கூரையும் உயரமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு, கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈ.

"மாமா, இதுகளுக்கு ஆளுக்கொரு வீடாம்" என்றான் பையன், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேரோடு உட்கார்ந்துகொண்டு.

மூலையிலிருந்து அப்பாயி கேட்டார்: "யாருடா குடுத்தது? நமக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணின்னு சொல்லியே எத்தனை எலக்‌ஷன் போச்சு!"

பூச்சியைச் சீராட்டுவது மலைநாட்டுக்குப் புதிதல்ல. தேயிலைப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தார்கள். கூலிக்கு வந்தவர்களுக்கு அந்த உபசரிப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை.

கும்பிடுபூச்சியின் பணிவில் பக்தி எதுவுமில்லை. மடித்த கைகளில் முள் வரிசை. இரை எட்டும் தூரத்துக்கு வரும்வரைதான் அந்தக் கும்பிடு. லயத்து வாசலில் ஐந்து வருடத்துக்கொருமுறை பார்ப்பதுதான்.

மிஞ்சிய பதினொன்றைப் பையன் தேயிலையிலேயே விட்டான். மறுநாள் அந்த மலைக்கு மருந்தடித்தார்கள்.