வெண்ணெய் அரசியல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வேளாண் பொருளாதாரத் துறைக்கு எப்போதும் இரண்டு எஜமானர்கள். 'உண்மையைச் சொல்' என்பார் ஒருவர். 'எங்களுக்குப் பிடித்த உண்மையைச் சொல்' என்பார் மற்றவர்.

1943இல் அயோவா ஸ்டேட் கல்லூரி ஒரு சிறு பிரசுரம் போட்டது. சத்திலும் சுவையிலும் செயற்கை வெண்ணெயான மார்கரின் அசல் வெண்ணெய்க்கு அப்படியொன்றும் இளைத்ததில்லை என்றது அது. பால் பண்ணைக்காரர்கள் கொதித்தெழ, கல்லூரி பிரசுரத்தைத் திரும்பப் பெற்றது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். துறைத்தலைவர் தியோடர் ஷூல்ட்ஸ் ராஜினாமா செய்துவிட்டுச் சிகாகோவுக்குப் போனார். 1979இல் நோபல் பரிசும் அங்கேயே அவரைத் தேடிப் போனது.

இப்போது கொதிக்கவும் ஆள் குறைவு. 1935இல் 68 லட்சமாக இருந்த பண்ணைகள் 2022இல் 19 லட்சம். ஆகவே துறைகள் பெயர்ப்பலகையை மாற்றுகின்றன. மினசோட்டாவில் 'பயன்பாட்டுப் பொருளாதாரம்'. கார்னெலில் அதோடு 'மேலாண்மை'யும் உண்டு. வேளாண் பொருளாதார அறிஞர்களின் தேசியச் சங்கமே 2008இல் 'பயன்பாட்டு' என்பதைப் பெயரில் சேர்த்துக்கொண்டது.

பலகையில் வேளாண்மை இல்லாவிட்டால் பண்ணைக்காரர் கோபிக்க மாட்டார். மாணவரும் மூக்கைச் சுளிக்க மாட்டார். ஆனால் யாருக்கும் பிடிக்காத கணக்கைத் துணிந்து சொல்லத்தான் இப்படியொரு துறையே தேவை. அதற்குப் பலகை எழுதுபவர் உதவ மாட்டார்.