4,29,49,67,297: ஒரு குலவிசாரணை

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று வாய்நோக உச்சரிக்க வேண்டிய இவ்வெண்ணைக் குறித்து, குடும்ப வரவு செலவுக்கோ சந்தைக் கணக்குக்கோ அணுவளவும் பிரயோஜனப்படாத ஆராய்ச்சியொன்றை நிகழ்த்துவது, பிரயோஜனமின்மை ஒன்றினாலேயே, சாஸ்திரோக்தமான காரியம் என்று துணிந்தேன்.

முதற்கண் அங்க லட்சணம். பத்து இலக்கங்களில் ஒன்பது மும்முறையும், இரண்டும் நான்கும் ஏழும் இவ்விரு முறையும், ஆறு ஒரே முறையும் வீற்றிருக்க, பூஜ்யம், ஒன்று, மூன்று, ஐந்து, எட்டு ஆகியவற்றுக்கு உள்ளே பிரவேசமே இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகையாகிய 59 ஒரு பகா எண். எண்ணோ மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய எதனாலும் வகுபடுவதில்லை. ஆகவே, கண்டமாத்திரத்தில் இதுவும் பகா எண்ணே என்று கும்பிட்டுவிடத்தக்க முகவிலாசம் இதற்கு உண்டு. அவ்வாறு கும்பிட்டவர்களுள் சாமானியரல்லாத ஒருவரும் இருந்தார்.

துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் உத்தியோகமும் ஓய்வு வேளையில் கணிதமுமாகக் காலங்கழித்த ஃபெர்மா என்பவர், 3, 5, 17, 257, 65537 என்று, முந்தியதில் ஒன்றைக் கழித்து வர்க்கமாக்கி மீண்டும் ஒன்றைக் கூட்டினால் பிந்தியது பிறக்கும் வம்சத்தில், மூத்தோர் ஐவரும் பகா எண்களாயிருக்கக் கண்டு, இனிப் பிறப்போர் யாவரும் அவ்வாறே என்று 1640இல் நண்பர்களுக்கு எழுதினார். நிரூபணம் கைவசமில்லை என்பதையும் மறைக்கவில்லை. நமது எண் ஆறாவது வாரிசு. நீதிமன்றத்து மனிதர் விசாரணையின்றித் தீர்ப்பெழுதியது ஆச்சரியமே.

1729இல் கணிதவாணர் கோல்ட்பாக் இவ்விஷயத்தைக் கிளற, 1732இல் மற்றொரு கணிதவாணராகிய ஆய்லர் 641 × 6700417 என்று வழக்கை முடித்தார். பிற்பாடு அவரே விளக்கியபடி, இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் 64இன் மடங்கைவிட ஒன்று மிகுந்திருக்க வேண்டும். அத்தகையவை 193, 257, 449, 577, 641 என்றே தொடங்குவதால், ஐந்தாவது வகுத்தலிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இதையொத்த உபாயத்தால், அதே 1640இல், இரண்டின் 37ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணை 223 வகுக்கும் என்று கண்டுபிடித்தவர் யார் என்றால், சாக்ஷாத் ஃபெர்மாவேதான்!

அவருக்காக ஒரு சமாதானமும் உண்டு. பகா எண்களைச் சோதிக்க உதவும் அவருடைய பிரசித்தமான தேற்றத்தின்படி இரண்டைச் சாட்சியாக அழைத்தால், அது இவ்வெண்ணைப் பகா எண் போலவே காட்டிவிடும். இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்று சேர்ந்து உண்டானதே இவ்வெண் ஆகையால், பெற்ற தாயின் வாக்குமூலத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை வக்கீல்களே சொல்லட்டும். அயலாராகிய மூன்றை அழைத்து, முப்பத்திரண்டு முறை வர்க்கமெடுத்து, இவ்வெண்ணால் வகுத்து மீதியைப் பார்த்தால், உண்மை வெளிவந்துவிடும்.

பகா எண் எதையும் இரு வர்க்கங்களின் கூட்டாக இருவிதமாக எழுத இயலாது என்பது விதி. இதுவோ 65536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களாலும் ஆகும். 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களாலும் ஆகும். அந்த 20449தானும் 143இன் வர்க்கம் என்பது, கேட்பாரற்ற உபரி அலங்காரம். இவ்வம்சத்தில் இதற்குப் பின் பிறந்தவற்றுள், இன்றுவரை தீர்ப்புத் தெரிந்த ஒன்றுகூடப் பகா எண்ணாகத் தேறவில்லை.