ஊறுகாயும் ஆங்கிலமும்

கேள்வி: ஆங்கிலத்தில் அரிய, அசத்தலான சொற்களை நிறையக் கற்க என்ன வழி?

பதில்: கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸைப் பின்பற்றுங்கள். 1940களின் இறுதியில், அமெரிக்காவின் நார்ஃபோக் சிறையில் இருந்தபோது, நினைத்ததைக் கடிதத்தில் எழுத வார்த்தை கிடைக்காமல் தவித்தார். அகராதியின் முதல் பக்கத்தை, நிறுத்தற்குறிகூட விடாமல் நோட்டில் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். பிறகு அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம்! பின்னாளில் அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது.

ஆனால், அரிய சொல் ஊறுகாய் மாதிரி. தொட்டுக்கொள்ளலாம், அள்ளிச் சாப்பிடக் கூடாது. சின்னச் சொல் போதுமென்றால் பெரிய சொல் வேண்டாம் என்று 1946-லேயே ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிவிட்டார். தினமும் ஒரு பக்கமாவது நல்ல ஆங்கிலம் படியுங்கள். புதுச் சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு சேர்த்தே எழுதி வையுங்கள். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள்!