மூடி போடாத மஹானுபாவர்

கணிப்பொறியின் தகரப் பெட்டிக்கு மூடி ஒன்று உண்டு என்பதும், உள்ளே இருக்கும் சூக்ஷ்மமான உறுப்புக்களைத் தூசியினின்றும் பல்லியினின்றும் காக்கும்பொருட்டு அம்மூடி திருகாணிகளால் இறுக்கப்பட வேண்டும் என்பதும் குழந்தைகளும் அறிந்த விஷயமே யாயினும், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் கிராமங்களில் நான் பல வருஷங்களாகக் கண்டுவரும் ஒரு ஜாதி மனிதர்களுக்கு (ஜாதி என்றதும் யாரும் முகம் சுளிக்க வேண்டாம், பிடிவாதம் ஒன்றைத் தவிர இதிலே சேர்வதற்கு வேறு யோக்கியதை வேண்டியதில்லை) அந்த மூடி எதற்காகச் சிருஷ்டிக்கப்பட்டது என்பது இன்றுவரை விளங்கவில்லை. திருகாணிகள் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் கிடக்கும். அது முன்னாளில் துவையல் வைத்த கிண்ணம் என்பதை வீட்டுக்கார அம்மாள் மறக்கவில்லை. மூடியோ கட்டிலுக்கடியில், தேங்காய்க் குவியலுக்கு அணையாக, தன்னால் இயன்ற உபகாரத்தைச் செய்துகொண்டிருக்கும்.

இந்த ஜாதியின் லக்ஷணங்கள் யாவும் ஒருங்கே அமைந்த ஒருவரை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, மரச்சீனி விளைகளுக்கும் ரப்பர் மரங்களுக்கும் நடுவே உள்ள பூர்வீக வீட்டுக்குத் திரும்பியவர் என்று கொண்டால் போதும். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தியின் அரசாங்கம் கணிப்பொறிக் கொள்கையை வெளியிட்டு இறக்குமதிச் சுங்கத்தைத் தளர்த்தியபோது, இவர் குமாஸ்தாவாகக் குப்பைக் கடுதாசிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். குளிர்சாதன அறைக்குள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தரிசிக்க வேண்டிய மூர்த்தியாகவே அவருக்குக் கணிப்பொறி முதலில் காட்சி கொடுத்தது. தொட அனுமதியில்லை. உள்ளே பார்ப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1990-ல் கழக்கூட்டத்துக்கு அருகில் டெக்னோபார்க் தொடங்கப்பட்டு, ஊரெல்லாம் அந்தப் பெட்டிகள் மலிந்து, பிறகு புதியவை வந்து பழையவை வராந்தாவிலும், அங்கிருந்து ஆக்ரி எனப்படும் பழைய சாமான் கடையிலும் வந்து விழுந்த காலத்தில்தான், அந்த மூர்த்தியை எடை போட்டு வாங்கிக்கொண்டு வரும் பாக்கியம் அவருக்குக் கிட்டியது.

“சாரே, இது கிலோக் கணக்குத்தான். உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியண்டாம்” என்று ஆக்ரிக் கடைக்காரர் சொன்னாராம். தெரியவேண்டியதெல்லாம் இவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒரு 486. இன்டெல் கம்பெனி 1989-ல் வெளியிட்ட இந்தப் பிராசஸரில், விரல் நகத்தை ஒத்த பரப்பிலே, சுமார் 12 லட்சம் டிரான்ஸிஸ்டர்கள் அடங்கியிருந்தன. இன்று மீன் விற்கும் பெண்மணியின் இடுப்பில் செருகியிருக்கும் கைப்பேசி அதைக் காட்டிலும் பன்மடங்கு சாமர்த்தியம் உடையது என்று யாராவது எடுத்துச் சொன்னால், நம் மஹானுபாவர் கோபிக்க மாட்டார், “அதைத் திறக்க முடியுமா?” என்று மட்டும் கேட்பார். வாதம் அத்துடன் தீர்ந்தது.

இவருடைய ஆசை வேகமான கணிப்பொறி ஒன்று வேண்டும் என்பதன்று. அதை இவர் செலவிடும் தொகையில் பாதிக்கு வாங்கலாம். பழைய பெட்டியின் மூளையை மட்டும் மாற்றிப் புதிய மூளையைப் பொருத்த வேண்டும். அதே சமயத்தில் பழைய விரிவாக்கக் கார்டுகள் ஒன்றுகூட விடைபெற்றுப் போகாமல், படம் காட்டும் கார்டும், பாட்டுப் பாடும் கார்டும், ஹார்ட் டிஸ்கை ஆளும் கார்டும், வலைப்பின்னல் கார்டும் தத்தம் ஸ்லாட்டில் இருந்தபடியே அந்தப் புதிய எஜமானனுக்கு ஊழியம் செய்ய வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் நிறைவேற்ற முயன்று அதிலேயே ஆயுளைக் கழிப்பது இவருடைய சங்கல்பம்.

மூளைமாற்றம் எளிதாக நடந்துவிட்டது. ஏ.எம்.டி. கம்பெனி 1995-ல் 5எக்ஸ்86 என்று ஒரு பிராசஸரை வெளியிட்டது. 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய 486 பலகையில் வைத்தால் தனக்குள்ளே அதை நான்கால் பெருக்கி 133-ல் ஓடும். ஒரே சங்கடம், பழைய பலகை 5 வோல்ட் தரும், இதுவோ 3.45 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டது. ஆகவே சாக்கெட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஓர் இடைப்பலகை வேண்டும். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் விசாரித்து, சென்னை ரிட்சித் தெருவுக்கு ஆள் விட்டு, கடைசியில் கடல் கடந்து தபாலில் அந்த இடைப்பலகை வந்து சேர்ந்த அன்று, வீட்டில் பாயசம் வைக்கப்பட்டதாகக் கேள்வி.

133 வந்ததும் மனிதர் நின்றிருக்கலாம். ஆனால் 33-ஐ 40 ஆக்கினால் நான்கு மடங்கு 160 அல்லவா வரும்! அந்தக் காலத்துப் பெட்டிகளின் முகப்பில் வேகத்தை அறிவிக்கும் சிவந்த எண்பலகை ஒன்று இருக்கும். பார்ப்பவர்கள் அது வேகத்தை அளந்து சொல்வதாக நம்புவார்கள். உண்மையில் அது எதையும் அளப்பதில்லை. பின்புறத்தில் ஜம்பர் என்னும் சிறு இணைப்பிகளை எப்படிச் செருகுகிறோமோ அந்த எண்ணைக் காட்டும். நம்மவர் முதலில் செய்தது அதில் 160 என்று செருகியதுதான். லக்ஷியத்தை எழுதி மாட்டிவிட்டுப் பிறகு அதை நோக்கி நடப்பது உயர்ந்த புருஷர்களின் வழக்கம் என்பது அவர் கொள்கை.

இங்கேதான் கார்டுகள் கலகம் செய்தன. பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுகள் ஏறக்குறைய 8 மெகாஹெர்ட்ஸில், பிராசஸர் என்ன வேகத்தில் ஓடினாலும் தம் போக்கில் நடப்பவை. அவற்றால் தொல்லை இல்லை. ஆனால் 1992-ல் வந்த வீசா லோக்கல் பஸ் என்னும் நீண்ட ஸ்லாட்டுகள் பிராசஸரின் பாதையோடு நேராகப் பிணைக்கப்பட்டவை. பாதை 33-ல் ஓடினால் அவையும் 33, பாதை 40 என்றால் அவையும் 40. 33-ல் இரண்டு கார்டுகள் சௌக்கியமாக இருக்கும். 40-ல் ஒன்று இருக்கும், மற்றொன்று இருமும். 50-ல் ஒன்றே இருப்பதும் தெய்வ சங்கற்பம். நம்மவருக்கோ படக் கார்டும் அதிலே வேண்டும், டிஸ்க் கார்டும் அதிலே வேண்டும். 160 என்று முகப்பு மின்ன, திரையிலே எழுத்துக்கள் துலாவர்ஷத்து மின்னலைப்போல் தோன்றி மறைந்தன.

அதைச் சரிக்கட்டியதும் பிளாப்பி டிஸ்க் பிணங்கிற்று. இதற்குக் காரணம் நுட்பமானது. பழைய பிராசஸர், கணக்கிட்ட ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போதே பொது நினைவகத்தில் எழுதிவிடும். புதியதோ, பலசரக்குக் கடையில் கடன் கணக்கை மனத்திலேயே வைத்துக்கொண்டு, ஒழிந்த நேரத்தில் நோட்டில் ஏற்றலாம் என்றிருக்கும் முதலாளியைப் போன்றது. வேகம் கூடும், வாஸ்தவம். ஆனால் பிளாப்பியின் வேலையைக் கவனிக்கும் சிப்போ அவரைக் கேட்காமலே நோட்டைத் திறந்து, நேற்றைய பாக்கியை இன்றைய பாக்கி என்று வாசித்துக்கொண்டு போய்விடும். இந்த நடைமுறையை அறியாத பழைய பலகையில் அதை அனுமதித்தால், எழுதிய கோப்பு ஒன்று, திரும்பப் படிக்கும் கோப்பு வேறொன்று. மஹானுபாவர் தம் மகளுடைய திருமண அழைப்புப் பட்டியலை இவ்விதமாக ஒரு பிளாப்பியில் பதிந்து வைத்ததாகவும், அதனால் அழைக்கப்படாமற்போன உறவினர்கள் இன்றுவரை அவ்வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்றும் அண்டைவீட்டார் சொல்லுகின்றனர்.

கார்டுகளுக்குள் இன்னொரு வழக்கும் உண்டு. ஒவ்வொரு கார்டும் பிராசஸரைக் கூப்பிடத் தனக்கென ஓர் அழைப்பெண் வைத்திருக்க வேண்டும். பிரிண்டர் 7-ஐ வைத்திருக்க, பாட்டுக் கார்டும் 7-ஐயே கேட்டால், பாட்டின் நடுவே பிரிண்டர் பெருமூச்சு விடும். பாட்டை 5-க்கு மாற்றினால் அங்கே வலைப்பின்னல் கார்டு குடியிருக்கும். இரவு இரண்டு மணிவரை, மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, சிறு சாமணத்தால் ஜம்பர்களை எடுத்தும் செருகியும், எந்தக் கார்டின் மனமும் நோகாதபடி இவர் சமாதானம் செய்யும் அழகைக் காணக் கண் ஆயிரம் வேண்டும். இந்தப் பொறுமைசாலிதான், அதிர்க்கல் இரண்டடி தள்ளி நடப்பட்டது என்பதற்காகச் சொந்த அண்ணனோடு பதினைந்து வருஷமாகப் பேச்சில்லாமல் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார் என்பதை நம்புவது கொஞ்சம் கஷ்டந்தான்.

இயற்கையும் அவருக்கு அனுகூலமாக இல்லை. இடவப்பாதி மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும் நாடு இது. பழைய பலகைகளில் கடிகாரத்துக்காக வைத்திருக்கும் சிறு பாட்டரி கசிந்து, பக்கத்திலுள்ள செப்புக் கோடுகளைப் பச்சை பூக்கவைத்து அரித்துவிடும். அவற்றை மயிரிழை போன்ற கம்பியால் ஒட்டுப்போடுவது அவருக்குத் தியானம். துலாமாதத்தில் மாலைதோறும் இடி இடிக்கும்; முதல் இடிக்கே பிளக்கைப் பிடுங்க ஓடுவார். அந்த வேளையில் மாடியில் காயும் மிளகை அள்ளுவது தம் கடமை என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அம்மாள் என்னிடம் ஒருமுறை முறையிட்டார்: “இவருக்க பெட்டிக்கு ஒரு மூடி போடச் சொல்லுங்க சாரே. உள்ளே பல்லி முட்டையிட்டாக்கூட, அதுக்கும் ஒரு ஜம்பர் மாத்தணும்னு உட்காருவாரு.”

அவரிடம் இதைப் பிரஸ்தாபித்தபோது அவர் அளித்த பதில் சரித்திர சம்பந்தமானது. நம் தேசத்துப் பள்ளிகளுக்கு 1984-85-ல் கிளாஸ் என்னும் திட்டத்தின்கீழ் வந்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறியின் அடிவயிற்றில், இரண்டாவது பிராசஸர் ஒன்றை இணைப்பதற்கென்றே ‘டியூப்’ என்ற வாசல் வைத்திருந்தார்கள். கேம்பிரிட்ஜில் அந்தக் கணிப்பொறியைச் செய்த கம்பெனிக்காரர்களே புதிதாகச் செய்த ஆர்ம் என்னும் பிராசஸரை, 1985 ஏப்ரல் 26-ஆம் தேதி, இந்த மைக்ரோவோடுதான் இணைத்து முதன்முதலாக உயிர்ப்பித்தார்கள். உலகத்துக் கைப்பேசிகளில் ஏறக்குறைய எல்லாம் அந்த ஆர்மின் வம்சம். “அன்றைக்கு அவங்க மூடியைப் போட்டுட்டுச் சும்மா இருந்திருந்தா உங்க கையில போன் ஏது?” என்றார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அமெரிக்காவில் 1989-ல் வெளிவந்த மெக்கின்டாஷ் எஸ்இ/30-க்கு இருப்பதோ ஒரே ஒரு விரிவாக்க ஸ்லாட்டு. அதில் வேகக் கார்டைப் போடுவதா, வலைப்பின்னல் கார்டைப் போடுவதா என்று பக்தர்கள் முட்டிக்கொண்டு, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் இணைப்பான்களைத் தேடி அலைகிறார்கள் என்பதையும் சொன்னார். தம் துயரம் அகில உலகத் துயரம் என்பதில் அவருக்கு ஒரு பரம திருப்தி.

கடைசியில் ஒரு சுபதினத்தில் எல்லாம் கூடிவந்தது. டிஸ்க் கார்டு மட்டும் ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுக்கு இறங்கிவரச் சம்மதித்தது. (தோல்வி என்று சொல்லக்கூடாது, உடன்படிக்கை.) முகப்பிலும் 160, உள்ளேயும் 160. படம் நின்றது, பாட்டு ஒலித்தது, பிரிண்டர் பெருமூச்சை நிறுத்திற்று. இத்தனை பெரிய யந்திரத்தைக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் முதன்முதலாக அவ்வீட்டில் எழுந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேரனை அழைத்து, 1980-களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பழைய விளையாட்டை ஓடவிட்டார். அக்காலத்து விளையாட்டுக்களிற் பல, ஐ.பி.எம்.மின் 4.77 மெகாஹெர்ட்ஸ் பெட்டியின் நடையையே காலக்கணக்காக வைத்து எழுதப்பட்டவை. பையன் பொத்தானில் விரல் வைப்பதற்குள் ஆட்டம் முடிந்து, ‘மறுபடியும் ஆடுகிறாயா?’ என்று திரை கேட்டது.

“பாட்டா, தொடங்குமுன்னே செத்துப் போனேனே!”

முகப்பிலிருந்த டர்போ பொத்தானை அமுக்கி வேகத்தைத் தணித்தார், போதவில்லை. பிராசஸரின் உள்நினைவகத்தை அணைத்துப் பார்த்தார். இம்முறை பையன் ஏறக்குறைய இரண்டு விநாடி உயிரோடிருந்தான். அன்றிரவே, இந்த விளையாட்டுக்கென்று மெதுவான பெட்டி ஒன்று இன்றியமையாதது என்ற முடிவுக்கு வந்து, பாலராமபுரத்துப் பக்கம் ஓர் ஆக்ரிக் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்த பழைய எக்ஸ்.டி. பெட்டியை மறுநாட் காலையிலேயே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். எட்டு ஸ்லாட்டுகள், 8088 பிராசஸர், கனகச்சிதமாக 4.77 மெகாஹெர்ட்ஸ். பேரன் மிக்க சந்தோஷத்துடன் அதன்முன் உட்கார்ந்தான். ஆட்டமும் சரியான நடையில் ஓடியது.

மஹானுபாவர் சிறிது நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மக்கா, கொஞ்சம் எந்திரி. இந்த 8088-ஐக் கழட்டிட்டு அதே சாக்கெட்டில் என்.இ.சி.யின் வி20-ஐப் போட்டா இன்னும் கொஞ்சம் வேகமா ஓடும்” என்று கூறி, திருகாணிக் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார்.