உரையின்றி ஊதுதல்: ட்ரம்பெட் பாலபாடம் குறித்த ஓர் ஆய்வு

நூல் என்று ஒன்று இருந்தால் அதற்கு உரை வேண்டும் என்பது நம் மரபு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் முதலாக வரிசையாக வந்தார்கள். திருக்குறளுக்குப் பதின்மர் என்பார்கள். ஆனால் இசைக்கருவிக் கடைகளில் தொங்கும் ‘ட்ரம்பெட் முதல் புத்தகம்’ வகை நூல்களுக்கு இன்றுவரை உரைமரபு என்று ஒன்றை எவரும் நிறுவவில்லை. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் (இக்கட்டுரையாளருக்கு மைத்துனர் முறை) ஆசிரியர் வைத்துக்கொள்ளாமல் அவற்றில் ஒன்றைப் பயின்று வருகிறார். அவரை முன்வைத்து ஆராய்ந்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. உரைகாரர்கள் இருக்கவே செய்கிறார்கள். அவர்களில் ஒருவரும் நூலைப் படித்தவர் அல்லர், எல்லோரும் கேட்டவர்கள்.

முதலில் மூலநூல். இத்துறைக்குத் தொல்காப்பியம் ழான் பாப்டிஸ்ட் ஆர்பன் (1825–1889) எழுதியது. பாரிஸ் இசைக் கல்லூரியில் கார்னெட் கற்பித்தவர். 1864இல் வெளிவந்த அவருடைய பயிற்சி நூலை ட்ரம்பெட்காரர்கள் இன்றும் பைபிள் என்கிறார்கள். முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும். மைத்துனர் அதையும் வாங்கினார். தற்போது அது சாப்பாட்டு மேசையில் பாலபாடத்தை நிமிர்த்திவைக்கப் பயன்படுகிறது. அந்த வேலைக்கு வேண்டிய கனம் அதற்கு நிச்சயம் உண்டு.

பாலபாடத்தின் பாயிரப் பகுதியில் ஒரு படம். கருவியைக் கையில் ஏந்திய சிறுவன் பல் தெரியச் சிரிக்கிறான். இப்படம் இடைச்செருகல் என்பது என் துணிபு. ட்ரம்பெட் ஊதத் தெரிந்தவர் யாரும் ஊதும்போது சிரிக்க முடியாது. உதட்டை இழுத்துச் சிரித்தால் ஒலி மெலிந்துபோகும். ஊதாதபோது சிரிக்கலாம் என்று வாதிடுவோர் மைத்துனர் வீட்டுக்கு ஒரு மாலை வந்து பார்க்க வேண்டும்.

இனி நூலின் மையச் சிக்கல். நாதஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு. சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்; அதற்காகத்தான் நாலைந்து சீவாளிகள் கருவியிலேயே தொங்குகின்றன. ட்ரம்பெட்டில் சீவாளி வாசிப்பவரின் உதடுதான். மாற்று கிடையாது. இரண்டு உதடும் மவுத்பீஸுக்குள் படபடவென்று அதிர, அந்த அதிர்வு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பித்தளைக் குழாய்க்குள் ஓடிப் புனல் வழியே வெளியேறுகிறது. ஆக, கருவியின் முக்கியமான பாகம் கடையில் கிடைப்பதில்லை. புத்தகமோ இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கிவிட்டு மீதிப் பக்கம் முழுவதும் விரலைப் பற்றிப் பேசுகிறது.

விரலில் என்ன இருக்கிறது? வால்வுகள் மூன்று. இரண்டாவதை அழுத்தினால் அரைச்சுரம் இறங்கும், முதலாவது இரண்டு அரைச்சுரம், மூன்றாவது மூன்று. அழுத்தும் வகைகள் எட்டு. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்றாவதற்கு ஈடு என்பதால் உண்மையில் ஏழு. கணக்கு எழுதிப் பழகியவருக்கு இது ஒரே பொழுதில் வந்துவிடும். மைத்துனருக்கும் வந்தது. அதன்பின் விரல் அட்டவணையில் அந்த இடத்தை எட்டினார்: கீழ் ‘சி’க்கு மூன்று வெற்று வட்டம், எதையும் அழுத்தாதே என்று பொருள். அதற்கு மேலுள்ள ‘ஜி’க்கும் அதே மூன்று வெற்று வட்டம். மேல் ‘சி’க்கும் அதே. அதற்கும் மேலே ‘ஈ’க்கும் அதே. அச்சுப்பிழையென்று பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார். பிரதியை நானே பார்த்தேன்.

பிழையல்ல. ஒரே நீளக் குழாயில் உதட்டின் இறுக்கமும் காற்றின் வேகமும் மாற மாற அடுக்கடுக்காகச் சுரங்கள் எழும்பும். நம் கோயில் எக்காளத்துக்கும் கொம்புக்கும் இந்த அடுக்கு மட்டுமே சொத்து. ஐரோப்பாவிலும் 1818இல் ஸ்டோல்செல், புளூமெல் என்ற இருவர் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெறும்வரை ட்ரம்பெட்டுக்குப் பெரும்பாலும் எக்காளத்தின் கதிதான். எந்தப் படிக்கட்டில் கால் வைக்கிறோம் என்பது உதட்டுக்குத்தான் தெரியும். நூலாசிரியர் அங்கே மூன்று வட்டம் வரைந்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவர் விட்ட இடத்தில்தான் உரைகாரர்கள் நுழைகிறார்கள். மூத்தவர் கீழ்வீட்டுத் தமிழாசிரியர். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் தூம்பு என்னும் கருவியை யானையின் பெருமூச்சோடு ஒப்பிடுகிறது. அது எத்தகைய ஒலி என்ற தம் நெடுநாள் ஐயம் தீர்ந்தது என்று படியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார். பாராட்டாகவே சொன்னார் என்பது மைத்துனர் கட்சி. இரண்டாமவர் மகள். கீபோர்டில் ‘சி’யை அழுத்திக்கொண்டு, “அப்பா, நீங்க வாசிக்கிறது சி இல்லப்பா, பி ஃபிளாட்” என்றாள். புத்தகத்தில் ‘சி’ என்றுதான் இருக்கிறது என்று அவர் காட்ட, வழக்கு நீண்டது. தீர்ப்பு இருவர் பக்கமும்தான்: சாதாரண ட்ரம்பெட் ‘சி’ என்று எழுதியதைப் பி ஃபிளாட்டாகவே ஒலிக்கும். புத்தகத்தின் ‘சி’ தன் இனத்தாருக்குள் மட்டும் செல்லும்.

மூன்றாவது உரை தெருமுனைப் பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசிக்கும் அண்ணனுடையது. “விரல்ல ஒண்ணும் இல்ல சார். உதடு பழகணும். கொஞ்ச நாள் வெறும் மவுத்பீஸை மட்டும் ஊதுங்க.” ஆசிரியர் எவரும் சொல்லக்கூடிய நல்ல உரை. விளைவு என்னவென்றால், யானை போய், போத்தலில் அகப்பட்ட வண்டு வந்தது.

நன்னூலார் மாணாக்கரை அன்னம், பசு என்று தொடங்கி இல்லிக்குடம், நெய்யரி வரை வகுத்தார். பொத்தற்குடத்தில் நீர் நில்லாதது போல, களைத்த உதட்டின் இரு கோடியிலும் காற்று நில்லாமல் புஸ்ஸென்று போகும்போது மைத்துனர் ஐயத்துக்கு இடமின்றி இல்லிக்குடம். நெய்யரி அவரல்ல, கருவி: இசையை வெளியே விட்டுவிட்டு ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான மூச்சு குளிர்ந்த பித்தளையில் பட்டு நீராகக் கோத்துக்கொள்கிறது. வளைவின் அடியில் ஒரு சிறு நெம்பும், அதன் நுனியில் பட்டாணி அளவு தக்கையும் உண்டு. நெம்பை அழுத்தி ஊதினால் சொட்டும். அது பெரும்பாலும் நீராவி குளிர்ந்த நீர்தான், எச்சில் அல்ல என்ற அறிவியல் விளக்கத்தை மைத்துனரின் மனைவியான அக்கா ஏற்கவில்லை. “அது எதுவா வேணா இருக்கட்டும், நடுக்கூடத்துல சொட்டக் கூடாது” என்பதே அவர் உரை. இவ்வளவு தெளிவான உரை வேறில்லை.

அதே அக்காதான் ஒலியைக் குறைக்கும் வழியையும் கண்டார். துணி தொங்கும் அலமாரியைத் திறந்து அதை நோக்கி ஊதினால் துணி ஒலியைக் குடித்துவிடும். பட்டுப்புடவைப் பக்கம் மட்டும் தடை. ஆகவே மைத்துனர் தினமும் தம் பழைய ஆபீஸ் சட்டைகளுக்கு ‘ஜி’ வாசித்துக் காட்டுகிறார். புத்தகத்தோடு வந்த ஒலிப்பதிவில் டிரம்ஸும் கிட்டாரும் கல்யாண வீடுபோல் முழங்க, நடுவே இவருக்கு நாலு மாத்திரை ஒரே ‘ஜி’, நாலு மாத்திரை மௌனம். மௌனம் பிசகியதே இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது மேலுதட்டில் செக்கச்செவேலென்று வளையம் தெரியும். ரசம் பட்டால் மட்டும் முகம் மாறும்.

ஊதிய நேரத்துக்கு ஈடாக ஓய்வும் எடு என்பது இத்துறை ஆசிரியர்கள் பலரும் சொல்லும் விதி. குடியிருப்பு முழுவதும் பாடபேதமின்றி ஏற்றுக்கொண்ட ஒரே நூற்பா இதுவே. சங்கச் செயலாளர் அதை அச்சிட்டு லிஃப்டில் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

இந்த ஆய்வின் இரண்டாம் பகுதிக்கும் தேவை வரும் போலிருக்கிறது. மைத்துனர் டிராம்போன் விலை விசாரிக்கிறார். அதில் வால்வே இல்லை. சறுக்குக் குழாயில் ஏழு நிலைகள், எது எங்கே என்று கருவியில் ஒரு கோடுகூடக் கிடையாது. அதற்கும் புத்தகம் இருக்கிறதாம்.