பாஸ்வேர்டில் விளைந்த விவசாயிகள்

2020 மார்ச் 25இல் நாட்டைப் பூட்டினார்கள். மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் கொரோனா நிவாரணத்தை அறிவித்தார். அதில் 8.7 கோடி விவசாயிகளுக்குத் தலா 2,000 ரூபாய். கைதட்டினோம். தட்டி ஓய்ந்த பிறகுதான் கணக்குப் பார்த்தோம். 2019இல் தேர்தலுக்கு முன்னால் தொடங்கிய பி.எம்.கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் எப்படியும் வரவேண்டிய தவணைதான் இது. கொடுக்கவேண்டிய சம்பளத்தையே கொடுத்துவிட்டு, ‘உன் வீட்டு இழவுக்கு நான் செய்த உதவி’ என்று சொல்லும் முதலாளியை ஊரில் எப்படித் திட்டுவார்களோ, அதைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

அந்த ஏப்ரலில் திண்டிவனம் பக்கம் தர்பூசணி கொடியிலேயே வெடித்துக் கிடந்தது. லாரி வரவில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரி போனை எடுக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டார்கள், ரெண்டே நாளில் மாடும் சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த நஷ்டத்துக்கு மருந்து, நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம்.

அதுவும் நிலம் உன் பேரில் இருந்தால்தான். உழுதவன், விதைத்தவன், வட்டிக்கு வாங்கியவன் எல்லாம் குத்தகைக்காரன். சிட்டாவில் மட்டும் வேறு ஆள். அந்த ஆள் கடைசியாக வயலில் கால் வைத்தது அப்பாவின் கருமாதியன்று என்றாலும் பரவாயில்லை. வருமான வரி கட்டாதவர், அரசு வேலை பார்க்காதவர் என்றால் அவரே விவசாயி.

ஆகஸ்டில் நடந்ததுதான் உண்மையான அமோக விளைச்சல். மழை வேண்டாம், உரம் வேண்டாம், காணி நிலம்கூட வேண்டாம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று 13 மாவட்டங்களில், பி.எம்.கிசான் பட்டியலில் ஐந்தரை லட்சம் போலி விவசாயிகள் முளைத்தார்கள். விதை, வேளாண் அலுவலகத்தின் பாஸ்வேர்டு. களத்துமேடு, கம்ப்யூட்டர் சென்டர். மகசூல், 110 கோடி ரூபாய். வேளாண் விஞ்ஞானிகள் இந்த ரகத்துக்கு இன்னும் பேர் வைக்காதது வருத்தம்தான்.

தரகர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். “கொரோனா பணம் வருதும்மா, ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக்கும் குடு.” வேலையில்லாமல் கிடந்த சனம் கொடுத்தது. வந்ததில் தரகுப் பங்கு போக மிச்சத்தில் அரிசி வாங்கியது. தரகன் சொன்னது பொய்தான். ஆனால் டெல்லியில் அறிவித்ததைத்தானே அவனும் சொன்னான்? மைக் இல்லாததால் அவன்மேல் வழக்கு.

செப்டம்பரில் தமிழகத்தின் அன்றைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்குச் சொன்னார்: 80 பேர் பணிநீக்கம், 34 பேர் சஸ்பெண்ட், 18 பேர் கைது. அப்புறம் வசூல். நிவாரணம் வந்த வேகத்தைவிட, அதைத் திருப்பிக் கேட்க ஜீப் வந்த வேகம் அதிகம்.

அப்படி வந்த ஒரு ஜீப், வரப்போரம் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு குத்தகைக்காரரிடம் வழி கேட்க நின்றது. இறங்கியவர் கையில் பட்டியல்.

“நீயும் வாங்கினியாய்யா? பேரச் சொல்லு.”

சொன்னார். அதிகாரி மூன்று தாளையும் புரட்டிப் பார்த்தார்.

“இதுல இல்லியே.”

“அதுலயும் இல்லீங்க சார்,” என்றவர், மறுபடி குனிந்து கோரையைப் பிடுங்கினார்.